நீ அனுப்பிய எக்செல் பற்றி

தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய எக்செல்லைப் பார்த்தேன். கேசினோவில் ரூலெட் சக்கரம் சுற்றும்போது சிவப்பில் 10 வெள்ளி கட்டுவது, போனால் 20, அப்புறம் 40, 80 என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஒரு தடவை விழுந்தாலே விட்டதெல்லாம் திரும்பி, மேலே 10 வெள்ளி கையில் நிற்கும் என்கிறாய். கூட்டல் சரிதான். ஆனால் ஏழு தடவை வரிசையாகத் தோற்றால் 1,270 வெள்ளி போயிருக்கும், எட்டாவதுக்கு 1,280 கட்ட வேண்டும், அதுவும் மேசையின் உச்சவரம்பு விட்டால். எதற்கு? அந்தப் பத்து வெள்ளிக்கு!

ஏழு தடவையா, நடக்கிற காரியமா என்று கேட்பாய். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்திலேயே 37 கட்டம், அதில் சிவப்பு 18தான்; கறுப்பு 18, மீதி ஒன்று பூஜ்யம், அது விழுந்தாலும் சிவப்பில் கட்டியது போய்விடும். உன் எக்செல்லில் அந்தப் பூஜ்யத்தையே காணோம். அதைச் சேர்த்துப் போட்டால், ஏழோடு நிறுத்திக்கொள்கிறவனுக்கு, பத்தில் தொடங்கும் 106 ஆட்டத்தில் சராசரியாக ஒன்றில் இது நடக்கும். மற்ற 105 ஆட்டத்திலும் பத்துப் பத்தாகச் சேர்த்தால் 1,050. போவது 1,270. 1913இல் மான்டி கார்லோவில் கறுப்பே தொடர்ந்து 26 தடவை விழுந்தது, இனிமேல் சிவப்புதான் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் அன்றைக்கு லட்சக்கணக்கில் விட்டார்கள். முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்று பந்துக்கு எப்படியப்பா தெரியும்?

ஃபிபனாச்சி, டி'அலம்பேர் என்று, தோற்றால் தொகையைக் கூட்டிக் கட்டும் வேறு இரண்டு முறைக்கும் ஷீட் வைத்திருக்கிறாய். தொகை கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். எப்படிப் பிரித்துக் கட்டினாலும், கட்டிய மொத்தத்தில் சராசரியாக 2.7 விழுக்காடு கேசினோக்காரனுக்கு. இரட்டைப் பூஜ்யம் இருந்தால் 5.26. தோற்கத் தோற்கக் கூட்டிக் கட்டினால் அந்த மொத்தம்தானே பெருகும்?

இதில் 150 வெள்ளி நுழைவுக் கட்டணத்தை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறாய்? மரினா பே கேசினோவோ செந்தோசா கேசினோவோ, நம்மைப் போன்ற சிங்கப்பூரர் கட்டித்தான் உள்ளே போக வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான். பத்துப் பத்தாகப் பதினைந்து தடவை ஜெயித்தால் வாசல் காசு வரும், டாக்சிக்குக் கைக்காசு.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தால் எவ்வளவு போனது என்று எனக்கு மட்டும் சொல், திட்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா, தேக்காவில் நண்டு வாங்கிவைக்கிறேன். லேப்டாப்பையும் எடுத்து வா, பூஜ்யத்தைச் சேர்த்து ஆயிரம் சுற்று ஓட்டிப் பார்ப்போம்.

அப்பா