சாவி கொடுக்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலயத் தலைவர்கள், செயலாளர்கள், கல்யாண மண்டபப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பதியும் பாரம் (படிவம்) ஒன்று வாட்சப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த ஆலயம் என்பது வேண்டாம். பல பாரங்கள் இதே அச்சுதான். மணமக்களின் ராசி, நட்சத்திரம் கேட்டிருக்கிறீர்கள். வாழைமரம் யார் கட்டுவது, மேளம் யாருடையது, முன்பணம் எவ்வளவு, அசைவம் உள்ளே வந்தால் அதில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்கு மட்டும் கட்டம் இல்லை. பிறந்த தேதிக்கும் இல்லை. ஜேபிஎன்னில், அதாவது மலேசியத் தேசியப் பதிவிலாகாவில், திருமணத்தைப் பதிந்தாயிற்றா என்ற கேள்வியே இல்லை.

1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்கினி சாட்சியாக நடந்திருந்தாலும், பதியாத கல்யாணம் ஜேபிஎன் கவுண்டரில் கல்யாணமே இல்லை. தாலி கட்டிய அன்று அதனால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. கணக்கு பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தக் கல்யாணத்துக்கே வராத ஒருவர் கைக்கு வருகிறது.

பன்னிரண்டு வயது நிறைந்ததும் 30 நாளுக்குள் மைகாட் என்னும் ஐசியை எடுக்க வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய், இரண்டு பெருவிரல் ரேகையையும் வைத்துவிட்டு, குடிமக்களுக்குரிய நீல ஐசியோடு பள்ளிக்கு வருகிறார்கள். தகப்பன் இந்நாட்டுக் குடிமகன், தாய் இந்தியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர், கல்யாணம் கோயிலோடு முடிந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பிள்ளையின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரம்) 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல, என்றிருக்கும். பெற்றோரின் திருமணம் பதியப்படாவிட்டால், அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி தாயின் குடியுரிமைதான் பிள்ளைக்கு. அப்பாவும் தாத்தாவும் நீல ஐசி வைத்திருந்தாலும், டிஎன்ஏ ஒத்துப்போனாலும் அது மாறாது. பிறகு பதிந்துகொள்ளலாமே என்பார்கள். பிள்ளை பிறந்த அன்று நிலை என்ன என்றுதான் அதிகாரி பார்க்கிறார்.

தாய் உள்நாட்டவராக இருந்தால் குடியுரிமைக்குப் பழுதில்லை. ஆனால் பிறப்பைப் பதிய அவர் தனியாகப் போயிருந்தால், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிபெரோலே' என்று அச்சாகிவிடும். தகவல் கிடைக்கவில்லையாம். அந்தத் தகவல் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறது! இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால், 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி அப்பா பெயர் ஏறியிருக்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த வரியைப் பிள்ளை முதன்முதலாக வாசிப்பது பெரும்பாலும் ஐசி எடுக்கிற அன்றுதான், கவுண்டர் ஓரத்தில் நின்றபடி. வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. அன்றோடு அது சின்னப்பிள்ளை இல்லை. பின்னாளில் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தில் இந்தப் பிள்ளைக்குப் பங்கும் கிடையாது.

குடியுரிமை இல்லாமல் நீல ஐசி கிடைக்காதவருக்கோ, பன்னிரண்டுக்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு கதவை அடைக்கிறது. பதினாறில் கூட்டாளிகள் மோட்டார் லைசென்ஸ் எடுப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் பல்கலைக்கழக இடத்துக்கு யூபியூ, கல்விக் கடனுக்குப் பிடிபிடிஎன் என்று ஓடுவார்கள். பதினெட்டில் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் தானாகவே ஏறும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது 1 வெள்ளி (ரிங்கிட்), இவருக்கோ 40 வெள்ளி. எஞ்சியிருப்பது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது. 21 வயதுக்குள் என்றிருந்த அந்த வாய்ப்பையும் 18 வயதாகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிவிட்டது.

இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். ஜேபிஎன்னில் மனுக் கொடுத்து 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். அந்த மனு ஆறு மாதம் வரை செல்லுபடியாகும். விவாகரத்தானவர் இறுதித் தீர்ப்பையும், துணையை இழந்தவர் இறப்புப் பத்திரத்தையும் காட்ட வேண்டும். பெண்ணோ மாப்பிள்ளையோ வெளிநாட்டவர் என்றால், திருமணமாகாதவர் என்று அவர் நாட்டிலிருந்து சான்று வர வேண்டும், தாமதமாவது இங்கேதான். முகூர்த்த நாள் நெருங்கும், "தாலியைக் கட்டுவோம், பதிவைப் பிறகு பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குள் விசா முடியும், பிள்ளை பிறக்கும். கல்யாணப் பத்திரம் இல்லாத தயக்கத்தில் பிறப்பைப் பதியும் 60 நாளும் போய்விடும். அதன்பின் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று இழுக்கும்.

ஆகவே ஐயா, பத்திரத்தைப் பார்த்துவிட்டு மண்டபச் சாவியைக் கொடுங்கள். வயதையும் பாருங்கள். பதினேழு வயதுப் பெண்ணை 'மானம் போகுமுன்' மணையில் உட்கார வைப்பதற்கு உங்கள் மண்டபம் துணை போகக் கூடாது. பதினெட்டுக்குக் கீழே என்றால், பதினாறு நிறைந்த பெண்ணுக்கு மாநில முதலமைச்சரின் அனுமதி இருந்தாலொழியப் பதிவு நடக்காது. அவள் குழந்தைப் பருவமும் போய், அவள் பெறும் பிள்ளைக்கும் அதே காலிக் கட்டம்.

"நாங்கள் சாமி காரியம் பார்ப்பவர்கள், போலீஸ் இல்லை" என்பது வழக்கமான பதில். அசைவத்துக்கு முன்பணத்தில் பிடிக்கும்போது மட்டும் போலீஸ் வேலை கைவருகிறதே. கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க நன்கொடை திரட்ட முடிகிறது. பரீட்சை வந்தால் பேனாவைச் சாமி பாதத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிகிறது. அந்த வரிசையில் ஐசி இல்லாமல் நிற்பது யார் என்று கேட்கத்தான் நேரமில்லை. கோபத்தில் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பத்திரம் இல்லாமல் மண்டபம் கொடுக்காத ஆலயங்களும் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் ஓர் ஆலயம் மறுத்தால் அடுத்த ஆலயத்துக்குப் போகிறார்கள் என்பதால்தான் இம்மடல் எல்லாருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. ஆலயத்தில் ஒருவரைத் துணைப் பதிவாளராக நியமிக்க அதே 1976 சட்டம் இடம் தருகிறது. அறிவிப்புக் காலம் முடிந்திருந்தால், தாலி ஏறிய கையோடு அதே மணவறையில் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தும் ஆகிவிடும். இந்து அறப்பணி வாரியமும் இதில் முன்கை எடுக்க வேண்டுகிறேன்.

பாரத்தில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே மூன்று கட்டம் போதும்: இருவரின் ஐசி அல்லது கடப்பிதழ் எண், பிறந்த தேதி, ஜேபிஎன் திருமணப் பத்திர எண். பதிவு ஆகவில்லையென்றால், மனுக் கொடுத்த ரசீதைக் காட்டும்வரை தேதியை உறுதி செய்ய வேண்டாம். தை மாதப் பதிவுகளை ஏற்கத் தொடங்குமுன் பாரத்தை மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.