நாமறியோம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மனிசி காலமானதிலிருந்து சாமியறைக் கதவே திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். மார்கழியில் திருவெம்பாவைக்கு எங்களையெல்லாம் விடியப்புறம் தட்டி எழுப்பினவன் நீ. அதை வாசித்தபிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நல்ல காய்.

உன் கேள்விக்கு வருகிறேன். "கும்பிட்டு என்ன கண்டோம்?" என்று கேட்டாய். தம்பியைத் தேடித் திரிந்த காலத்தில் நானும் அதையேதான் கேட்டேன். 2009 வைகாசியில், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பக்கம் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இன்றுவரை எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செத்தவீடும் இல்லை, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். வினைப்பயன் என்றார்கள், ஆண்டவன் சோதிக்கிறான் என்றார்கள். அந்த விளக்கங்கள்தான் என்னைக் கோயிலை விட்டு விரட்டின. நல்லூர் வீதியால் போனாலும் உள்ளே திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அம்மா வேறு மாதிரி. 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அங்கும் போய் இருந்தா. வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்கும் போனா. கூட்டிக்கொண்டு போக வேறு ஆளில்லாததால் நானும் போனேன். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வது உனக்குத் தெரியும். கடவுளிடம் பேச ஒரு சொல்லும் மிஞ்சாமல் நின்ற எனக்கு, அந்தச் சந்நிதானத்தில் மட்டும் நிற்க முடிந்தது. யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை.

பிறகு அன்னதான மடத்தில் பூசணிக்காய் வெட்டத் தொடங்கினேன். பக்கத்தில் வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா திருவலையில் இருந்து தேங்காய் திருவுவா. அவவின் மகனும் அதே வைகாசியில் போனவன். கனநாள் கழித்துத்தான் அதைச் சொன்னா. சொல்லிவிட்டு அடுத்த பாதித் தேங்காயை எடுத்தா. கிடாரத்தில் சோறு வெந்ததும் பந்திக்கு ஓடவேண்டியிருந்தது. பசியோடு இருந்தவர்களின் இலையில் சோறு போடும்போது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல்தடவையாக, யாரோ என் பக்கத்தில் நிற்கிறார் என்று பட்டது. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திலகவதியாரை அடிக்கடி நினைக்கிறேன். தாய் தகப்பன் போய், மணம் பேசிய கலிப்பகையாரும் போரில் இறந்தபின் உயிரை விடத் துணிந்தவர் அவர். தம்பிக்காக உயிர் தாங்கி, திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு இருந்தார். அந்தத் தம்பிதான் அப்பர். சின்ன வயதில் அப்பரின் சூலைநோயை மட்டும் படித்துவிட்டு அக்காவைக் கடந்து போய்விட்டோம். இப்போது எனக்கு அவர்தான் பெரியவர். கையில் விளக்குமாறோடு அத்தனை காலமும் அவர் என்ன நினைத்திருப்பார்?

நல்லூர்த் தேரடியில் இருந்த சித்தர் செல்லப்பா சுவாமியிடம் அவரின் சீடர் யோகர் சுவாமி பெற்ற நாலு வாக்கியங்கள் உனக்குப் பாடம். "ஒரு பொல்லாப்புமில்லை" என்பதை இன்னும் என் வாயால் சொல்ல ஏலாது மச்சான். தம்பிக்கு நடந்ததை நினைத்தால் அது தொண்டைக்குள் நிற்கிறது. ஆனால் "நாமறியோம்" என்பதைச் சொல்ல முடிகிறது. தெரியாது என்பது பதினைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டின் வதை. அதே சொல்லைத் தேரடியில் ஒருவர் வணக்கமாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கும்பிடுகிறேன். என் நம்பிக்கை அவ்வளவு சின்னது. பொய் கலக்காதது.

சாமியறையைத் திற என்று உனக்குச் சொல்லமாட்டேன். அவவின் படம் கூடத்திலேயே இருக்கட்டும். மகளை மட்டும் தனியே அழவிடாதே, அவளுக்கும் தாய்தானே.

ஆண்டுத் திவசத்துக்குக் கீரிமலைக்கு வர யோசிக்கிறதாக எழுதியிருந்தாய். வா. 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு கனகாலம் போக ஏலாமல் கிடந்த பக்கம். இப்போது கேணியில் இறங்கித் தோயலாம். ஐயரோடு நான் கதைத்து வைக்கிறேன். திதியை மட்டும் சரியாகப் பார்த்து எழுது. அடுத்த வெள்ளி சந்நிதிக்குப் போவோம். உனக்கு நம்பிக்கை இருக்கவேண்டும் என்றில்லை. மடத்தில் மரக்கறி வெட்ட எப்போதும் ஆள் காணாது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி