செயலாளரின் ஆண்டறிக்கை – 2024: நுளம்புக் கட்டுப்பாடும் நோய்க் கணிப்பும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வாய்க்கால் துப்புரவு, வீதி விளக்கு, முன்பள்ளிக் கூரைத் திருத்தம் ஆகியவற்றின் விபரங்கள் பொருளாளரின் கணக்கறிக்கையில் அடங்கியிருப்பதால், இவ்வறிக்கையை நுளம்பால் பரவும் நோய்கள் தொடர்பான பணிக்கே ஒதுக்குகிறேன்.

போர்க்காலத்தில் வன்னியில் மலேரியாக் காய்ச்சல் படாத குடும்பங்கள் குறைவு. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானதைத் தொடர்ந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. ஆயினும் 1963இல் நாடு முழுவதிலும் 17 பேராகக் குறைந்திருந்த நோயாளர் தொகை, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியதை மறக்கலாகாது. சான்று கிடைத்த அதே 2016இன் இறுதியில், கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. கிணற்றை நம்பி வாழும் எமக்கு அது தொலைவான செய்தியன்று.

இன்றைய உடனடிச் சுமை டெங்கு. வைத்தியசாலைப் பதிவில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணி எமது கிராமத்தில் டெங்கு குறைவு என்று சிலர் கூட்டங்களில் கூறினார்கள். அக்கருத்தை நான் ஏற்கவில்லை. 2013இல் வெளியான உலகளாவிய மதிப்பீடொன்று ஆண்டுக்கு 39 கோடித் தொற்றுகள் ஏற்படுவதாகவும், அவற்றுள் 9.6 கோடி மட்டுமே நோயாக வெளிப்படுவதாகவும் கணித்தது. வெளிப்பட்டவர்களிலும் பலர் வீட்டிலேயே பரசிற்றமோலுடன் படுத்துவிடுகிறார்கள். எனவே மாதர் சங்கத்தின் ஒத்துழைப்புடன் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பதிவேடு ஆரம்பித்தோம். யாருக்குக் காய்ச்சல் வந்தது, குருதிப் பரிசோதனை செய்யப்பட்டதா, எத்தனை நாள் படுக்கை, எத்தனை நாள் கூலி இழப்பு என்பவை அதில் எழுதப்படுகின்றன. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போக முடியாமல் கிடந்த ஒருவரின் இழப்பு எந்த வைத்தியசாலைப் பதிவிலும் வராது. அதுவும் நோயின் சுமையே.

கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, மூடமுடியாத கிணறுகளிலும் தொட்டிகளிலும் நுளம்புக் குடம்பிகளை (புழுக்களை) உண்ணும் குப்பி என்ற சிறு மீனை விட்டோம். மீன் நிலைத்த கிணறுகளில் பின்னர் பார்த்தபோது குடம்பிகள் தென்படவில்லை. இந்த மீனைக் குளங்களிலோ வாய்க்கால்களிலோ எவரும் விடவேண்டாம் எனக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்நிய மீன் பெருகினால் எமது குளத்துச் சிறுமீன்களுக்குக் கேடு. ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு போன்றவற்றில் மீன் வாழாது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு விரும்புவதோ இத்தகைய சிறு கொள்கலன்களையே. அதன் முட்டைகள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தும் மாரி மழையில் பொரிப்பதால், கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரை உரஞ்சிக் கழுவவும் வேண்டும். அகற்ற இயலாத தேக்கங்களுக்கு, குடம்பியின் குடலை அழித்து மனிதருக்குத் தீங்கு செய்யாத பி.ரி.ஐ. (Bti) என்ற பற்றீரியா மருந்தைப் பயன்படுத்துவது குறித்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்டுள்ளோம்.

கிணற்றில் குடம்பி இல்லாமற் போனதை வைத்து மீனால் டெங்கு குறைந்தது என்று இச்சபையில் நான் அறிவிக்கமாட்டேன். மழை பிந்தினாலும் நோய் குறையும். முந்திய ஆண்டில் பலருக்குத் தொற்றி எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டிருந்தாலும் குறையும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்குக் கிருமி நுளம்பினுள் பெருகுவதைத் தடுக்கும் வொல்பாக்கியா பற்றீரியாவை ஏற்றிய நுளம்புகளை விட்டவர்கள், நகரை 24 பகுதிகளாகப் பிரித்துப் பாதியில் மட்டுமே விட்டு, மற்றப் பாதியுடன் ஒப்பிட்ட பின்னரே டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். எமது வசதிக்கு அவ்வளவு இயலாவிட்டாலும் ஒப்பீடு இல்லாமல் பலனைக் கூறுவது முறையன்று.

ஆகவே சபையின் அங்கீகாரத்துக்காக இதனை முன்வைக்கிறேன். வரும் மாரிக்கு முன் வாய்க்காலின் கிழக்குப் பகுதிக் கிணறுகளுக்குப் புதிதாக மீன் விடுவது. மேற்குப் பகுதிக்கு அடுத்த ஆண்டு விடுவது. கொள்கலன் அகற்றலை இருபுறமும் ஒரே அளவில் தொடர்வது. நூறு வீடுகளுக்கு எத்தனை கொள்கலன்களில் குடம்பி உள்ளது என்ற பிறெட்டோ சுட்டெண்ணையும் காய்ச்சல் பதிவேட்டையும் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே பேணுவது. பதிவேட்டுக் கொப்பிகளுக்கும் கைவிளக்குகளுக்கும் ஆகும் சிறு செலவைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும், பகுதிக்கு இருவர் வீதம் பதிவாளர்களை இன்றே தெரிவுசெய்யவும் வேண்டுகிறேன்.

செயலாளர்