ஜீப் செலவும் தொலைநோக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான நேர்காணலைப் படித்தேன். தனிமனித வளர்ச்சி, தலைமைப் பண்பு, தொண்டுத் துறையின் எதிர்காலம் என்று நான்கு பக்கங்கள். எங்கள் நீலகிரியில் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் பேசியிருக்கிறார். தியானத்தால் தமக்குக் கோபம் குறைந்ததையும், பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகியதையும் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கோபம் குறைந்ததில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. மூன்றாம் பக்கத்தில்தான் அந்த வரி வருகிறது: "கள ஊழியர்களிடம் அர்ப்பணிப்பு இருக்கிறது, தொலைநோக்கும் தலைமைப் பண்பும்தான் இல்லை." யாரும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்று தாங்கள் அதைத் தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அதே நிறுவனத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோத்தகிரிக்காரன். கணக்கருக்கும் தொலைநோக்கு கிடையாது என்பது பொதுவான அபிப்பிராயம், இருக்கட்டும். எதிரே மேசையில் கிடக்கும் சீட்டு கண்ணுக்குத் தெரியுமல்லவா?

2009 நவம்பர் மழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் மாண்டார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சாலைகள் துண்டாகிக் கிடந்தன. அப்போதைய இயக்குநர், அதாவது இப்போது பேட்டி கொடுத்தவரின் தந்தையார், வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். அவரைக் கேட்டுக்கொண்டா மழை வரும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சுகாதாரப் பணியாளரான ஒரு பெண், யாரையும் கேட்காமல் கடைவீதிக்குப் போய், நிறுவனத்தின் பேரில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனாக எழுதி வாங்கினார். கடைக்காரர் அவர் முகத்துக்காகத்தான் கொடுத்தார். நிறுவனத்துக்கு அந்தக் கடையில் ஏற்கெனவே பாக்கி இருந்தது. எந்த வீட்டுச் சுவர் நிற்காது, எந்தக் குடும்பத்தை இரவுக்குள் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவர்தான். ஊரில் பெரியவர்கள் உட்பட எல்லோரும் அவர் சொன்னபடி கேட்டார்கள்.

அந்தக் கடைச் சீட்டு தணிக்கையின்போது என் மேசைக்குத் திரும்பி வந்தது. மழையில் நனைந்து மை பரவியிருந்த துண்டுச் சீட்டு. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படவில்லை. ஒப்புதல் அளித்தவர் யார்?" மலை சரிந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் மூன்று கடைகளில் ஏறி இறங்கி விலை விசாரித்திருக்க வேண்டுமாம். கடைசியில், "இயக்குநரின் வாய்மொழி உத்தரவின்படி வாங்கப்பட்டது" என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது, தணிக்கையும் முடிந்தது. அந்த ஆண்டறிக்கையில் இயக்குநரின் உடனடி நடவடிக்கை பற்றி ஒரு முழுப் பக்கம் வந்தது. தலைமைப் பண்பு யாரிடம் இருந்தது, ஆண்டறிக்கையில் யார் பேருக்குப் போனது என்பதற்கு என்னிடம் சீட்டே இருந்தது, ஐயா.

பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். அறங்காவலர்கள் எல்லோரும் உறவினர்களாகவே இருந்ததால் தேர்வில் அதிகம் சிரமம் இருக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் தலைமைப் பண்புப் பயிலரங்குகள் தொடங்கின. கோத்தகிரியில் மலைச்சரிவைப் பார்த்த மாதிரி ஒரு சொகுசு விடுதி. அங்கே ஓர் அறைக்கு மூன்று இரவு வாடகை, நான் மேலே சொன்ன பெண்ணின் ஒரு மாத மதிப்பூதியத்தைத் தாண்டும். இரண்டு பில்லையும் பதிவு செய்தவன் நான். மதிப்பூதியம் என்றுதான் அதற்குப் பெயர். சம்பளம் என்று எழுதினால் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை என்று பேச்சு வரும். பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு சிறிய இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். இது எங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதாகத் தாங்கள் நினைக்க மாட்டீர்கள்.

பயிற்சியாளர் பெங்களூரிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான். ஆங்கிலத்தில் பேசினார், எங்கள் அலுவலக இளைஞர் ஒருவர் தமிழில் சொன்னார். ஆளுக்கொரு பெரிய தாளும் வண்ணப் பேனாக்களும் கொடுத்து, "உங்கள் வாழ்க்கையை ஒரு நதியாக வரையுங்கள்" என்றார்கள். இயக்குநர் வரைந்த நதியில் அருவிகள் எல்லாம் இருந்தன. அந்தப் பெண்ணோ சோலூர்மட்டத்திலிருந்து கீழே இருளர் குடியிருப்புக்கு இறங்கும் பாதையை வரைந்தார். பஸ் நிற்குமிடம், கரடி வரும் பலா மரம், மழையில் தாண்ட முடியாத ஓடை, அங்கன்வாடி, இரத்தசோகையுள்ள ஒரு கர்ப்பிணியின் வீட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். பயிற்சியாளர் குனிந்து பார்த்துவிட்டு, "அருமை. ஆனால் இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டி, "ஜீப் இங்கே நின்றுவிடும் சார். இதற்குக் கீழே நடப்பது நான்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில், "தன்னை முன்னிறுத்துவதில் தயக்கம்" என்று குறித்துக்கொண்டார்.

இனி அந்த ஜீப்புக்கு வருகிறேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளில் எது நிர்வாகச் செலவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வண்டி ஓட்டும் செலவும் பராமரிப்பும் அதில் வரும். அறிக்கை எழுதும் செலவும் வரும், கணக்கு எழுதும் செலவும் வரும். அந்த வகையில் நானும் வருவேன். விடுதியில் நடந்த பயிலரங்கோ, "திறன் வளர்ப்பு" என்ற தலைப்பில் திட்டச் செலவாகப் பதிவானது. ஆக, குடியிருப்புக்கு மருந்து கொண்டுபோன டீசல் வீண் செலவு. விடுதியில் நதி வரைந்தது மக்கள் பணி. 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தொண்டு நிறுவனங்களில் ஊதாரித்தனம் ஒழியும் என்று தாங்களும் தலையங்கம் எழுதினீர்கள். சமவெளியில் ஒழிந்ததோ என்னவோ, இங்கே முதலில் நின்றது ஜீப்தான். பயிலரங்கு நிற்கவில்லை.

அதே திருத்தத்தில், வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றும் வந்தது. கூடலூர், பந்தலூர், கீழ்கோத்தகிரிப் பக்கங்களில் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு வேலை செய்யும் சின்னச் சின்ன அமைப்புகள் பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான் பணம் பெற்றுவந்தன என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிதி பெறுவதற்கான கணக்கும் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் அப்போதே தங்களுக்குக் கடிதமாக எழுதினேன். இடமின்மையால் வெளியிடவில்லை போலும். அந்த வாரம் ஒரு நகைக்கடை விளம்பரம் இரண்டு பக்கம் வந்திருந்தது.

கம்பெனிகள் கொடுக்கும் பணம் இருக்கிறதே என்பார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அவை தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். மலையில் தொழில் நடத்துகிறவர்கள் யார்? ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடிக் கிடக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் சிறு விவசாயிகள் ஓயாமல் போராடிக்கொண்டிருக்கிறார்கள். வரும் கொஞ்சப் பணமும் ஓராண்டுத் திட்டத்துக்கு வரும். மார்ச் மாதத்துக்குள் செலவழித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டி கட்டினால் படம் எடுக்கலாம். ஒரு பெண் பத்தாண்டுகளாக ஒரே ஊருக்கு நடந்து போவதை எப்படிப் படம் எடுப்பது?

மலைமக்களிடம் தலைமை இல்லை என்பதை முதலில் சொன்னவர் இந்த இயக்குநரும் அல்லர், முதலில் வெளியிட்டவர் தாங்களும் அல்ல. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். ஊர் ஊராகப் போய் அவர்களைக் கூட்டியது யார்? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து கூடலூர் வெகுதூரம் இல்லை. தங்கள் நிருபர் விடுதிவரை வந்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

இத்தனையும் எழுதியது வேறொரு சிறிய விஷயத்துக்காக. நேர்காணலுடன் ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். கீழே "பயனாளிகளுடன் இயக்குநர்" என்றிருக்கிறது. அதில் வலக்கோடியில் நீலப் புடவையில், கையில் பதிவேட்டுடன் நிற்பவர் பயனாளி அல்லர். நான் மேலே சொன்ன சுகாதாரப் பணியாளர் அவர்தான். இன்றும் அந்த நிறுவனத்தில், இன்றும் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கட்டம் கட்ட வேண்டாம், சாதாரண எழுத்து போதும். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே இருந்தாலும் சரி. பெயரைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது.

அவர் ஊருக்குத் தங்கள் இதழ் போவதில்லை. திருத்தம் வெளியாகும் இதழில் எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினால் ஒன்றை அவரிடம் சேர்த்துவிடுவேன். கூடுதல் பிரதிக்கான தொகையைச் சந்தாவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ரசீது அவசியம் வேண்டும்.

தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)