ஒப்பந்தத்தை முடி, நீட்டிக்காதே: ரஷ்ய ஐஸ் ஹாக்கித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன் வயதில் உன் நிலைமையில் இருக்கிற பையன்கள் ரஷ்யாவில் எந்த வருடமும் சிலர் இருப்பீர்கள், யார் படித்தாலும் சரி. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஓர் அணி உன்னை எடுத்துவிட்டது. ரஷ்யாவின் முதல்நிலை லீக்கான கேஎச்எல்லில் உள்ளூர் கிளப்போடு போட்ட ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது. கிளப்காரர்கள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஏஜென்ட் ஒரு பக்கம் இழுக்கிறார், வீட்டில் இன்னொரு பக்கம்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். மாஸ்கோவில் மாலை ஆட்டம் தொடங்கும்போது இங்கே சாப்பாட்டு நேரம். தட்டோடு உட்கார்ந்து உங்கள் லீக்கைப் பார்க்கிற ஆள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். போட்ட ஒப்பந்தத்தை முழுசாக முடித்துக் கொடு. அதன்மேல் ஒரு நாள்கூட நீட்டிக்காதே.

முதல் பாதிக்குக் காரணம் கிரில் கப்ரிஸோவ். 2015 டிராஃப்டில் மினசோட்டா அணி அவரை எடுத்தபோது 135-வது இடம். அவர் அவசரப்படவில்லை. நோவோகுஸ்னெட்ஸ்க், உஃபா, அப்புறம் மாஸ்கோவின் சிஎஸ்கா என்று ஐந்து வருடம் ஊரிலேயே ஆடினார். 2018 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் தங்கம் வாங்கித் தந்த கோல் அவருடையது. 2019-இல் கேஎச்எல் சாம்பியனுக்கான ககாரின் கோப்பையும் வந்தது. அதற்குப் பிறகுதான் விமானம் ஏறினார். 2021 ஜனவரியில் முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. 2025-இல் எட்டு வருடத்துக்கு 136 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார், அதுவரை லீக் வரலாற்றிலேயே பெரிய தொகை. தாமதமாக வந்ததால் அவருக்கு என்ன குறைந்துபோயிற்று?

ஆனால் அவரைக் காட்டி "நீயும் இரு" என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டிவிடாதே. அவர் ஊரில் இருந்த வருடங்களில் பெஞ்சில் இல்லை, ஐஸில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார். உனக்கு அது கிடைக்குமா என்பதுதான் விஷயம்.

கணக்கு எளிது. ஸ்வீடன், பின்லாந்து வீரர்களைக் கூட்டிப்போனால் அந்த ஊர் கிளப்களுக்கு என்எச்எல் தரப்பு பணம் கட்டுகிறது, அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. ரஷ்யாவோடு அப்படி ஒன்று கிடையாது. நீ போனால் உன்னைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த கிளப்புக்குக் கைக்கு எதுவும் வராது. போகப் போகிறவன் என்று தெரிந்த பையனுக்குப் பயிற்சியாளர் எதற்கு முதல் வரிசையில் இடம் தரவேண்டும்? அந்த நிமிடங்களை அடுத்த வருடமும் இருக்கப்போகிறவனுக்குக் கொடுப்பார். நான் அவரைத் திட்டமாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

இவான் தெமிதோவின் 2024-25 பருவத்தைப் பார்த்திருப்பாய். மான்ட்ரியால் அணி டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் எடுத்த பையன், ஆடியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்கா கிளப்பில். சில ஆட்டங்களில் பதின்மூன்றாவது ஃபார்வர்டாக, அதாவது உபரித் தாக்குதல் வீரராக, பெஞ்சிலேயே கிடந்தார். ஓரப் பலகையைத் தாண்டி இறங்கி ஓரிரு முறை கொஞ்ச நேரம் ஆட்டம், மறுபடி உட்கார், ஹெல்மெட்டைக் கழற்றாமல் அடுத்தவர்கள் ஆடுவதைப் பார். ஒப்பந்தத்தை நீட்டிக்காததால்தான் இந்தத் தண்டனை என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். இருந்தும் 65 ஆட்டங்களில் கோலும் அசிஸ்டுமாக 49 புள்ளி எடுத்தார். இருபது வயதுக்குள் ஒரே பருவத்தில் அவ்வளவு எடுத்தவர் அந்த லீக்கில் அதுவரை இல்லை. பழைய சாதனை கப்ரிஸோவுடையது. ப்ளேஆஃப் முதல் சுற்றிலேயே ஸ்கா வெளியேறியது, அவரை விடுவித்தார்கள். ஏப்ரல் 14 அன்று மான்ட்ரியாலில் முதல் ஆட்டம்: முதல் பீரியடிலேயே ஒரு கோல், ஒரு அசிஸ்ட். பெஞ்சில் கிடந்த பருவம் அவரைக் கெடுக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் அப்படிக் கிடந்திருந்தால்? அதுதான் உன்னிடம் இப்போது கேட்கிற கையெழுத்து.

சரி, இங்கே எல்லாம் தேனும் பாலுமா? இல்லை. வாதிம் ஷிபச்சோவ் 2017-இல் முப்பது வயதில் லாஸ் வேகாஸ் என்எச்எல் அணிக்கு வந்தார். மூன்றே ஆட்டம், ஒரு கோல், திரும்பிப் போய்விட்டார். 2020-21 பருவத்தில் கேஎச்எல்லில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான், 66. திறமைக்கு என்ன குறை? வந்த வயதும் வந்த இடமும் சரியில்லை, அவ்வளவுதான். உனக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருடம், சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. என்எச்எல்லுக்கு அடுத்த படியில் இருக்கும் ஏஎச்எல்லுக்கு அனுப்பினால் கைக்கு வருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே பஸ் பயணம்தான். வரியையும் கேட்டுக்கொள்: ரஷ்யாவில் 2025-க்குப் பிறகும் உச்சம் 22 சதவீதம், மான்ட்ரியால் இருக்கும் கியூபெக்கில் பெரிய சம்பளத்துக்கு ஐம்பதைத் தாண்டும். ஆடும் ஐஸ் களமும் வேறு. நீ அகலமான ஐரோப்பிய ஐஸில் வளர்ந்தவன் என்றால், முப்பது மீட்டர் அகலம் இங்கே இருபத்தாறாகிவிடும். ஓரத்தில் பக்கைப் பிடித்து நிமிர்வதற்குள் தோளில் ஒருவன் விழுவான்.

முன்பெல்லாம் ஊரில் இருப்பதற்கு இன்னொரு லாபம் இருந்தது: நாட்டுச் சட்டை, ஜூனியர் உலகக் கோப்பை, திறமையைத் தேடி அணிகள் அனுப்பும் ஆட்கள் எல்லோரும் பார்க்கும் மேடை. 2022-இல் ரஷ்ய அணிகளுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. அதை வைத்து யாராவது உன்னை இருக்கச் சொன்னால், எந்தத் தேதியில் அங்கே ஆடப்போகிறோம் என்று கேள்.

இதைப் பொதுவெளியில் எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கோல்கீப்பர் இவான் ஃபெதோதோவ் 2022-இல் ஃபிலடெல்ஃபியா என்எச்எல் அணியோடு கையெழுத்திட்டார். ஜூலையில் பீட்டர்ஸ்பர்க்கில் பிடித்துப்போய், ராணுவ சேவை என்று வடக்கே செவெரோமோர்ஸ்க்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கா வந்து சேர 2024 மார்ச் ஆயிற்று. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ராணுவக் காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை ஏஜென்டை நம்பி விடாமல் நீயே ஒரு தரம் பார். கிளப்போடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதே என்று நான் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். கடைசி நாள் வரை ஆடு, பெஞ்சில் உட்காரவைத்தால் உட்கார், பத்திரிகைக்காரர்களிடம் வாயைத் திறக்காதே.

கிளப்பில் அடுத்த முறை பேனாவை நீட்டும்போது, போன வருடம் பவர்ப்ளேயில், அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில், உனக்கு எத்தனை நிமிடம் தந்தார்கள், வரும் வருடம் எத்தனை தருவார்கள் என்று கேள். எழுதித் தரச் சொல். தரமாட்டார்கள். இங்கே உன்னை எடுத்த அணியிடமும் அதே கேள்வியைக் கேள், ஏஎச்எல்லுக்கு அனுப்பும் எண்ணம் உண்டா என்பதையும் சேர்த்து. அவர்களும் மழுப்புவார்கள். ஆனால் உன் இடத்தில் ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் இங்கே வெளிப்படையாகக் கிடைக்கும். ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் உனக்கே புரிந்துவிடும்.

வருவதற்குள் கொஞ்சம் இங்கிலீஷ் பழகிக்கொள். மான்ட்ரியால் என்றால் பிரெஞ்சும். இன்னொன்று, நீ டொராண்டோவுக்கு எதிராக ஆட வரும் இரவில் என்னிடம் கைதட்டலை எதிர்பார்க்காதே. நான் டொராண்டோ அணியான லீஃப்ஸின் ஆள்.

அன்புடன்,
டொராண்டோவிலிருந்து ஓர் அண்ணன்