எம்.ஃபார்ம் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளில் லிப்போசோம் (மருந்தை உள்ளே வைக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழி) செய்து, பூஞ்சைக்கொல்லி மருந்தை ஏற்றி, ஜெல்லாக்கிச் சோதிப்பது நம் ஃபார்மசி கல்லூரிகளில் பழகிப்போன ஆய்வு. நல்ல தலைப்புதான். ஆனால் அந்த ஆய்வேடுகளின் முடிவுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஃபிரான்ஸ் செல் என்பது ஒரு துண்டுத் தோலை நடுவில் பொருத்தி, மேலே மருந்தைத் தடவிச் சோதிக்கும் கண்ணாடிக் கருவி. அதில், தோலுக்கு அடியில் உள்ள திரவத்தில் எவ்வளவு மருந்து வந்து சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். அதிகம் வந்தால் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். படர்தாமரை மருந்துக்கு அந்தத் திரவத்தில் என்ன வேலை? பூஞ்சை இருப்பது மேல்தோலின் கெராட்டின் என்ற கடினப் புரதத்தில். மருந்து அங்கேதான் தங்க வேண்டும்.

இந்தத் துறையின் தொடக்க ஆய்வே இதைத்தான் காட்டியது. 1980-ல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் மெசெய், குலசேகரம் இருவரும் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை லிப்போசோமில் வைத்து முயல்களின் தோலில் தடவினார்கள். சாதாரண லோஷனைவிட நான்கைந்து மடங்கு மருந்து தோலில் இருந்தது. உடலுக்குள் போனதோ குறைவு. ஸ்டீராய்டு தடவும் நோயாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தோல் வழியாக உடலுக்குள் செலுத்தும் ஹார்மோன் மருந்தென்றால் கதை வேறு, அது இரத்தத்தில் சேர்ந்தாக வேண்டும். ஆக, மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மாணவர் முதலிலேயே எழுதிவைக்கட்டும். அப்புறம் ஃபிரான்ஸ் செல்லிலிருந்து தோலை எடுத்து, டேப் ஒட்டி அடுக்கடுக்காக உரித்து, மிச்சத் தோலையும் நறுக்கி, எந்த அடுக்கில் எவ்வளவு மருந்து என்று அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. லெசித்தினில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பே, மேல்தோலில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகிய கொழுப்புகளின் அடுக்குகளில் கலந்து அவற்றை இளக்கி, மருந்துக்கு வழிவிடக்கூடும். லிப்போசோம்கள் பெரும்பாலும் உடையாமல் முழுசாக உள்ளே போவதில்லை. அதனால் வெற்று லிப்போசோமுடன் மருந்தைத் தனியாகக் கலந்த ஜெல்லையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தாக வேண்டும். அது இல்லாமல், மருந்தை லிப்போசோமுக்குள் அடைத்ததால்தான் பலன் என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அதை அப்படியே எழுத விடுங்கள். தயவுசெய்து அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

நிலைப்புத்தன்மையை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் மட்டும் பார்த்தால் போதாது. லெசித்தினின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் காற்றும் சூடும் பட்டுக் காறிப்போகும். நம் ஊர் மருந்துக்கடை அலமாரியில், சித்திரை வெயிலில், அந்த ட்யூப் என்ன ஆகும் என்பதும் ஆய்வேட்டில் வர வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும்போது இந்த மூன்றையும் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
தோல் நோய்ப் பிரிவுக்கு மருந்து வழங்கும் ஒரு ஃபார்மசிஸ்ட்