சுயேச்சை யாருடைய ஆள்?

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் ரொம்ப சந்தோஷம். யார் மடியில் உட்கார வைத்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய், அதில்தானே வழக்கமாகச் சண்டை வரும்? இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து வீட்டில் தட்டுவடை செட்டுக்குத் தடை போட்டுவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தனியாகப் போகும் நாட்களில் தடை தானாக விலகிக்கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத இழுபறிச் சபையில் சுயேச்சை என்றாலே விலைபோகிறவன்தான், அவனைத் தேர்தலில் நிற்கவே விடக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறாய். அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் சட்டத்தைப் பார். 1985இல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கு ஆபத்து. சுயேச்சைக்குக் கொறடாவே கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் கை தூக்கலாம். ஆனால் ஜெயித்த பிறகு எந்தக் கட்சியிலாவது சேர்ந்தால் பதவி போய்விடும். நியமன உறுப்பினருக்காவது கட்சி பார்த்துச் சேர 6 மாத அவகாசம் உண்டு, இவருக்கு அதுவும் இல்லை. சேர்ந்து குடும்பம் நடத்தலாம், தாலி மட்டும் கட்டக்கூடாது என்கிற கதை.

நான் சும்மா சொல்லவில்லை, பக்கத்துக் கர்நாடகத்தில் இது வழக்காகவே போனது. 2008இல் அங்கே 224 இடங்களில் பாஜகவுக்கு 110தான். சுயேச்சைகள் கை கொடுத்து ஆட்சி அமைந்தது, அவர்களும் மந்திரி ஆனார்கள். 2010இல் அவர்களில் 5 பேர் ஆதரவை விலக்கியதும், ‘நீங்கள் எப்போதோ கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லி சபாநாயகர் பதவியைப் பறித்தார். மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆதரவு கொடுப்பதும் மந்திரி ஆவதும் கட்சியில் சேர்வது ஆகாது என்பது தீர்ப்பு. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் நியாயம்தான்.

நாம் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. சுயேச்சையாக ஜெயித்து வருகிறவர்களில் பல பேர் சீட்டு கிடைக்காமல் வெளியே வந்த கட்சிக்காரர்கள். விசுவாசமோ கோபமோ, அது தேர்தலுக்கு முன்பே அவர்களுக்குள் இருக்கிறது. ஜார்க்கண்ட் மது கோடாவையே எடுத்துக்கொள். 2005இல் பாஜக சீட்டு தரவில்லை. சுயேச்சையாக நின்று ஜெயித்தார், அப்புறம் அதே பாஜக ஆட்சிக்கு ஆதரவும் கொடுத்தார். 2006இல் கவிழ்த்துவிட்டுத் தானே முதலமைச்சர் ஆனார்! 81 பேர் கொண்ட சபையில் ஒற்றை ஆள்.

நம்மோடு படித்து, சுயேச்சையாக நின்று ஒன்றியக் கவுன்சிலர் ஆனானே, அவனும் தேர்தலுக்கு முன்பே மனசில் பக்கம் முடிவு செய்தவன்தான். சேர்மன் தேர்தலில் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது அவன் வீட்டு வாசலில் இரண்டு கார். ஒரு தரப்பு திண்ணையில், இன்னொரு தரப்பு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நாற்காலி போட்டு. அவன் பெண்டாட்டி இரண்டு பக்கமும் ஒரே தட்டில் காபி கொண்டுபோனாள். ஏற்காட்டில் ரூம் போட்டாயிற்று, இப்போதே கிளம்பு என்று ஒருத்தர் கையைப் பிடித்து இழுத்தார். இவன், ‘நான் யாருக்குப் போடுவேன்னு பிரச்சாரத்திலேயே சொல்லிட்டேன், எதுக்கு ரூமு?’ என்று கேட்டான். சொன்னபடியே போட்டான். அவனை விலைபோனவன் என்று நீ சொல்வாயா?

என் கணக்கு இதுதான். சாய்வதில் தப்பில்லை, எந்தப் பக்கம் என்று ஓட்டு கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். 1967இல் ஹரியானாவில் சுயேச்சையாக ஜெயித்த கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். ஓட்டுப் போட்டவன் தலையில் கை வைத்துக்கொள்வதைத் தவிர என்ன செய்வான்?

இமாச்சலம் இன்னும் சிக்கல். 2024 பிப்ரவரியில் மாநிலங்களவைத் தேர்தல், 68 பேர் கொண்ட சபை. காங்கிரஸின் 6 பேரும் சுயேச்சைகள் 3 பேரும் பாஜக வேட்பாளருக்குப் போட்டதால் 34க்கு 34. கடைசியில் குலுக்கல், அதிலும் யார் பெயர் வந்ததோ அவர் தோற்றார்! அடுத்த மாதம் அந்த 3 சுயேச்சைகளும் ராஜினாமா செய்துவிட்டு பாஜகவில் சேர்ந்து, ஜூலையில் இடைத்தேர்தலில் நின்றார்கள். ஹமீர்பூரில் ஒருவர் ஜெயித்தார், டேராவிலும் நாலாகரிலும் ஜனங்கள் மற்ற இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். போட்ட ஓட்டு போட்டதுதான், அதைத் திருப்ப முடியாது. ஆனாலும் பதவியை விட்டுவிட்டு ஜனங்களிடம் போய் நின்றார்களே, அந்த மட்டில் கயா லாலுக்கு எவ்வளவோ மேல்.

நம்ம சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியே 1952இல் 375 பேர் சபையில் காங்கிரஸுக்கு 152 பேரை வைத்துக்கொண்டுதான் முதலமைச்சர் ஆனார். சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் இல்லாமல் அந்த ஆட்சி ஓடியிருக்காது. அதனால் சுயேச்சையை நிற்கவே விடக்கூடாது என்ற உன் யோசனை எனக்குச் சரிப்படாது.

நம் கவுன்சிலர் அடுத்த தடவையும் நிற்பதாகத்தான் இருக்கிறான். இந்த முறை ஒரு கட்சி சீட்டே தருகிறதாம், வாங்கலாமா என்று என்னைக் கேட்கிறான். நான் வேண்டாம் என்றேன், அவன் மகன் வாங்கு என்கிறான். நீ சொன்னால் கேட்பான். ஒரு போன் போட்டுப் பேசு, ஆனால் நான் எழுதியதாகச் சொல்லாதே.

அன்புடன்,
உன் சேலத்துப் பங்காளி